அலுவலகக் கணினிக்கு விதிமுறை எழுதுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர் உள்ள சின்ன நிறுவனம். இணையத்தில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் இல்லாத சர்வரைப் பற்றி அதில் இரண்டு பக்கம் இருக்கும். உங்கள் ஆட்கள் தினமும் ஃபைல் அனுப்பும் வாட்ஸ்அப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. யார் எந்தக் கணினியில் என்ன செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அதை வைத்து எழுதினால் மூன்று பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: சொந்த வேலைக்குக் கணினியைத் தொடவே கூடாது என்று எழுதச் சொல்கிறார் முதலாளி. சரிதானா சார்?

பதில்: எழுதலாம், நடக்காது. எல்லோரும் மீறுகிற விதியைக் காட்டி ஒருவரை மட்டும் தண்டித்தால் பழிவாங்குவதாகத்தான் தெரியும். வேலை கெடாத அளவுக்குச் சொந்த உபயோகத்தை அனுமதியுங்கள். கூடாதவற்றை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: திருட்டு மென்பொருள், ஆபாசத் தளங்கள், வாடிக்கையாளர் விவரங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது.

கேள்வி: கணினி கம்பெனியுடையது. ஊழியர்களிடம் சொல்லாமலே கண்காணிக்கலாம் அல்லவா?

பதில்: கூடாது என்பேன். ருமேனியாவில் ஒரு நிறுவனம் சொந்த உபயோகத்தைத் தடை செய்திருந்தது. வேலைக்கான யாஹூ மெசஞ்சர் கணக்கில் குடும்பத்தாருடன் பேசிய ஊழியரின் செய்திகளைப் படித்து, 2007இல் அவரை நீக்கியது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. அவருடைய அந்தரங்க உரிமை காக்கப்படவில்லை என்று 2017 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. எந்த அளவுக்குக் கண்காணிப்பார்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொன்னதாகத் தெரியவில்லை என்பது முக்கியமான காரணம். தடை விதித்தது போதவில்லை, பாருங்கள். எதைப் பார்ப்பீர்கள், ஏன், யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லலாமா?

பதில்: தேவையில்லை. கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றினால் போதும் என்று அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் பழைய கடவுச்சொல்லின் கடைசியில் ஒரு எண்ணைக் கூட்டிவிட்டுப் போவார்கள். நீளமான கடவுச்சொல்லும், அதோடு கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரட்டைச் சரிபார்ப்பும் கேளுங்கள்.

கேள்வி: சாட்ஜிபிடி போன்ற ஏஐ சாட்பாட்டை ஊழியர்கள் பயன்படுத்தலாமா?

பதில்: வெளியாளிடம் கொடுக்கத் தயங்கும் எதையும் அதில் ஒட்டக் கூடாது. நிறுவனம் அனுமதித்த சாட்பாட்கள் எவை என்ற பட்டியலும் வேண்டும்.

கேள்வி: மோசடி லிங்க்கைத் தெரியாமல் அழுத்தியவருக்கு அபராதம் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பயந்தால் மறைப்பார். அவர் மறைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் வைரஸ் மற்ற கணினிகளுக்கும் பரவிவிடும். யாரை, எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். உடனே வந்து சொன்னவர்மேல் நடவடிக்கை இல்லை என்பதையும் அதற்குக் கீழேயே எழுதுங்கள்.