அப்பாவின் ரிப்போர்ட்: கட்டி எந்த செல்லிலிருந்து வந்தது?

வணக்கம் நண்பரே. அப்பா திருப்பாப்புலியூரில் வண்டியிலிருந்து விழுந்ததால்தான் மூளையில் கட்டி வந்தது என்று சொந்தக்காரர்கள் சொல்வதாக எழுதி, உண்மையில் அது எந்த செல்லிலிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ரிப்போர்ட்டில் ‘ஆஸ்ட்ரோசைட்டோமா, ஐடிஎச் மியூட்டன்ட், கிரேடு 2’ என்று இருக்கிறது. அதாவது, நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களைப் போலத் தெரியும் கட்டி, அதில் ஐடிஎச் என்ற மரபணு மாறியிருக்கிறது, வீரியத்தில் இரண்டாம் தரம். இந்த வகைக் கட்டி பல வருடங்களாக மெல்ல வளர்வது. வலிப்பு வந்து அதனால் விழுந்தாரா என்று வேண்டுமானால் டாக்டரிடம் கேளுங்கள். இதில் முதலில் தெரிவது பெரும்பாலும் வலிப்புதான்.

சரி, எந்த செல்? வளர்ந்த நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், பிரிந்து பெருகுவதில்லை, அதனால் அவற்றின் மேல் சந்தேகம் குறைவு. பெரியவர்கள் மூளையிலும் பிரியக்கூடிய செல்கள் கொஞ்சம் உண்டு: பக்க வென்ட்ரிக்கிள்களின் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள்) சுவரையொட்டிய ஸ்டெம் செல்கள், மூளை முழுக்கப் பரவியிருக்கும் ஒலிகோடென்ட்ரோசைட் முன்னோடி செல்கள் (நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்களாக மாறக்கூடியவை). ஆய்வாளர்கள் கை காட்டுவது இவற்றைத்தான். கிளையோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் மூளைக் கட்டி உள்ள நோயாளிகள் சிலரிடம், கட்டியே இல்லாத வென்ட்ரிக்கிள் ஓரத் திசுவிலும் அதே மரபணு மாற்றங்கள் இருந்ததை 2018இல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது வேறு வகைக் கட்டி, அப்பாவுடையதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்பாவின் கட்டி ஆஸ்ட்ரோசைட் போலத் தெரிவதால் அந்த செல்லிலிருந்தே கிளம்பியது என்றும் சொல்லிவிட முடியாது.

ஐடிஎச் மாற்றம் பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் இருப்பது. பரம்பரையாக உங்களுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தை விடுங்கள்.

அப்புறம், ஜிப்மருக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. ஆபரேஷன் செய்த இடத்தில் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் திசு) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.