காதுவில்லை கழன்றுவிட்டால்?

கேள்வி: எங்கள் கறவைப் பசுவின் மஞ்சள் காதுவில்லை (அடையாள எண் பொறித்துக் காதில் குத்தும் வில்லை) ஆறே மாதத்தில் கழன்று விழுந்துவிட்டது, மற்றொன்றின் வில்லையில் எண் தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: வில்லை கழல்வதற்குப் பெரும்பாலும் அது குத்தப்பட்ட இடமே காரணம். காது மடலின் நடுவில், இரு குருத்தெலும்பு மேடுகளுக்கு இடையே, இரத்தக் குழாயில் படாமல் குத்தினால் நிலைத்து நிற்கும்; விளிம்பை ஒட்டிக் குத்தினால், மாடு தீவனத் தொட்டியிலோ முள்வேலியிலோ தலையைத் தேய்க்கும்போது வில்லை சிக்கி, மடலையே கிழித்துக்கொண்டு போய்விடும். வாயில்லாச் சீவனுக்கு அது எத்தனை வேதனை! தொழுவத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, ஆணிகளை முதலில் அகற்றுங்கள். புதிதாகக் குத்திய காதை இரண்டு வாரம் நாள்தோறும் தூக்கிப் பாருங்கள். துளையைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது. வீக்கமோ சீழோ கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண் தெரியாத வில்லையில் பெரும்பாலும் காய்ந்த சாணமே அப்பியிருக்கும். ஈரத்துணியால் ஊறவைத்து மெல்லத் துடையுங்கள். கத்தியால் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

வில்லை இல்லாமல் காப்பீட்டுத் தொகை பெறுவது கடினம் என்பதால், கழன்ற உடனே கால்நடை மருந்தகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் தெரிவித்து, புது வில்லையின் 12 இலக்க எண்ணைப் பழைய எண்ணுடன் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள்.