ஒல்லியா இருக்கிற எனக்கு எப்படிக்கா சுகர் வந்துச்சு?

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயசு. சொந்த ஊர் தேனி பக்கம், இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை. போன மாசம் சுகர்னு சொல்லிட்டாங்க. நான் 44 கிலோதான், ஸ்வீட்டே பிடிக்காது. பணக்கார வியாதி உனக்கு எப்படி வந்துச்சுன்னு வீட்டுக்காரர் திட்டறார். மாத்திரை போட்டா வயித்தால போகுது, அடிக்கடி பாத்ரூம் போனா சூப்பர்வைசர் கத்தறார், அதனால வேலை நாள்ல போடறதில்ல. நான் பொறந்தப்ப எலிக்குஞ்சு மாதிரி இருந்தேனாம். பொண்ணு பத்தாவது படிக்கிறா, அவளுக்கும் வருமா? (பேர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதல்ல இந்த ஒரு வரியை வீட்டுக்காரர்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டுங்க: இது நீங்க தின்னு வரவழைச்ச வியாதி இல்ல. பணக்கார வியாதிங்கறதெல்லாம் பழைய கதை, 2017ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுல 15 மாநிலத்துல பார்த்தாங்க, அதுல தமிழ்நாடு மாதிரி கொஞ்சம் முன்னேறின இடங்கள்ல, டவுன்ல, வசதி கம்மியானவங்களுக்குத்தான் சுகர் ஜாஸ்தியா இருந்துச்சு.

எலிக்குஞ்சுன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, எனக்கு அங்கயே மனசு நின்னுடுச்சு. புனே பக்கம் ஆறு கிராமத்துல டாக்டர் யாக்னிக் குழு 1993ல இருந்து கர்ப்பிணிகளையும் அவங்க பிள்ளைகளையும் கவனிச்சுட்டு வர்றாங்க. அங்க பொறந்த குழந்தைங்க சராசரியா 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைங்க 3.5 கிலோ. எடை குறைஞ்சா எல்லாமே ஒரே மாதிரி குறையணும் இல்லையா, அப்படி இல்ல, சதையும் உள்ளுறுப்பும் சிறுத்துப் போயிருக்கு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையல. சாப்பிட்ட சாப்பாட்டுல இருந்து வர்ற சர்க்கரையைப் பெரும்பாலும் இழுத்துச் செலவு பண்றது சதைதான், அது கம்மியாவே பொறந்து, வளர்றப்பவும் சோறும் ரசமுமா போய், பருப்பு முட்டைக்கு வழியில்லாம இருந்தா உடம்பு ஒல்லியா தெரியும், உள்ள சர்க்கரை தேங்கும். உங்கம்மா வயித்துல உங்களை வச்சிருந்தப்ப என்ன சாப்பிட்டாங்களோ அதுவும் இப்ப உங்க கையில இருக்கிற சுகர் ரிப்போர்ட்ல இருக்கு தங்கச்சி, அதுக்கு அவங்களையும் குத்தம் சொல்லிடாதீங்க.

அப்புறம் வேலை. அதோட நெருக்கடியும் உடம்பைக் கெடுக்கும், இது இதய நோயைப் பத்தின ஆய்வுதான், ஆனாலும் கேளுங்க. லண்டன்ல 1967ல ஆரம்பிச்சு சுமார் 18,000 அரசாங்க ஆபீஸ் ஆம்பளைங்களை வருஷக்கணக்கா கவனிச்சாங்க, யாரும் பட்டினி கிடக்கறவங்க இல்ல, ஆனாலும் மேல இருக்கிற அதிகாரியை விட அடிமட்ட ப்யூன் இதய நோயில சாகறது மூணு மடங்கு இருந்துச்சு, சிகரெட், பிபி எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தும் பெரும்பங்கு வித்தியாசம் அப்படியே நின்னுச்சு. 1985ல பொம்பளைங்களையும் சேர்த்து மறுபடி பண்ணினப்ப, தன் வேலை தன் கையில இல்லாதவங்களுக்கு இதய நோய் கூடுதலா வந்தது தெரிஞ்சுது. ஒன்றரை ஷிப்ட் நின்னுக்கிட்டே பீஸ் பார்த்துட்டு, பாத்ரூமுக்கு ஒருத்தர் மூஞ்சியைப் பார்க்க வேண்டிய உங்களுக்கு இதை நான் சொல்லி விளக்கணுமா என்ன.

இப்ப அவசரம் அந்த மாத்திரைதான். நீங்க போடறது மெட்ஃபார்மினா இருந்தா ஆரம்பத்துல வயித்தால போறது சகஜம்தான், அதையே மெதுவா கரையற எஸ்ஆர் மாத்திரையா தருவாங்க, பல பேருக்கு அதுல இந்தத் தொந்தரவு குறையுது. டாக்டர்கிட்ட கூச்சப்படாம "வேலைல பாத்ரூம் போக விடமாட்டேங்கறாங்க, அதனால வேலை நாள்ல போடறதில்ல"ன்னு அப்படியே சொல்லுங்க, சொல்லலைன்னா அவர் நீங்க ஒழுங்கா போடறதா நினைச்சு டோஸை ஏத்திடுவார். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருக்கறதையும் விட்டுடுங்க. சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கறாங்களான்னு ஸ்லிப்ல பாருங்க, 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம்னா பிடிக்கணும், பிடிச்சா வைத்தியம் இலவசம், தேவையான நாள் கட்டியிருந்தா முடியாம லீவ் எடுக்கறப்ப சம்பளத்துல 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். இல்லைன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் பதிஞ்சுக்கோங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். மூணு மாச சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட் (ஹெச்பிஏ1சி), வருஷம் ஒரு தடவை கண்ணு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பாதமும் நல்ல வெளிச்சத்துல, இதெல்லாம் பார்த்துடுங்க.

பொண்ணு விஷயம். வந்தே தீரும்னு இல்ல, ஆனா வாய்ப்பு இருக்கு, அதனால இப்பவே பிடிச்சாகணும். ஹீமோகுளோபின் பாருங்க, 12க்குக் கீழ இருந்தா ரத்தசோகை, தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல இப்படித்தான் இருக்காங்க. ஸ்கூல்ல வாரா வாரம் தர்ற இரும்புச்சத்து மாத்திரையை அவ பையில போட்டுட்டு வராம முழுங்கறாளான்னு கேளுங்க. அவளுக்குத் தம்பி இருந்தா, வீட்டுல முட்டை வாங்கறப்ப அவனுக்கு முழுசு அவளுக்குப் பாதின்னு வேண்டாம். சாயங்காலம் பேக்கரி டீயும் பன்னும் பசியை அடக்கும், அவ உடம்புக்குப் பத்தாது, அதுக்குப் பதிலா கடலையோ சுண்டலோ கொடுங்க. பத்தாவது முடிஞ்சதும் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வீட்டுல பேச்சு வந்தா தயவு செஞ்சு ஒத்துக்காதீங்க, பிளஸ் டூ, அதுக்கு மேலன்னு படிக்கட்டும், கல்யாணமும் அவசரப்பட வேண்டாம், ஏன்னா அவ ஒரு பிள்ளையைச் சுமக்கற அன்னைக்கு அந்த உடம்பு எவ்வளவு தேறியிருக்குங்கறதுதான் அந்தப் பிள்ளையோட எடை.

மூணு மாச சுகர் எவ்வளவு, பொண்ணுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு ரெண்டு நம்பரும் எழுதி அடுத்த லெட்டர் போடுங்க தங்கச்சி, காத்திருக்கேன்.