மைனர் எஞ்சினும் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையும்: வன்னியிலிருந்து ஒரு கேள்வி பதில்

பழைய கார், ரெப்ளிக்கா கார் (அசலைப் பார்த்து அதேமாதிரிச் செய்த கார்) பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்து எழுதுகிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மாங்குளத்துக் கராஜ்காரன். மொறிஸ், ஒஸ்ரின் எஞ்சின்களில்தான் கை பழகியது, இன்றைக்கும் அந்த வேலைதான்.

கிளிநொச்சி: அண்ணை, கோப்ரா ரெப்ளிக்கா ஒண்டு கட்ட ஆசை. வீட்டில பழைய ஜீப் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடக்கு, அதில கட்டலாமோ? ரெப்ளிக்கா எண்டால் கள்ளச் சாமான் எண்டு அப்பா பேசுறார்.

அப்பாவுக்கு முதலில் பதில். ரெப்ளிக்காவை ரெப்ளிக்கா என்றே சொல்லி வைத்திருப்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. அசல் காரின் சேசிஸ் இலக்கத்தை அடித்து அசல் என்று விற்றால்தான் களவு. கோப்ரா 1962 இல் வந்தது. இங்கிலாந்தின் ஏசி கொம்பனி செய்த ஏஸ் என்ற இலேசான காருக்குள் அமெரிக்கரான கரோல் ஷெல்பி ஃபோர்ட் வி-8 எஞ்சினை வைத்தார். மொத்தமே ஆயிரம் அளவில்தான் செய்தார்கள். ஆகவே இன்று உலக வீதிகளில் ஓடும் கோப்ராக்களில் பெரும்பாலானவை ரெப்ளிக்காதான், அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

ஜீப் சேசிஸ் வேண்டாம், தம்பி. கோப்ராவில் ஓட்டுபவர் தாழ இருக்கிறார், ஜீப்பில் சேசிஸுக்கு மேலே ஏறி இருக்கிறார். அதன் மேல் அழகான பொடியை (வெளிக்கூட்டை) வைத்தாலும் வளைவில் அது ஜீப்பாகத்தான் சாயும். அந்த ஜீப்பை ஜீப்பாகவே ஓடப் பண்ணுங்கோ. ஸ்போர்ட்ஸ் கார் ஆசைக்குச் சின்னக் கார் ஒன்று பாருங்கோ, கீழே புதுக்குடியிருப்புக்காரருக்கு எழுதியதை வாசியுங்கோ.

லண்டன், ஊர் முள்ளியவளை: பிள்ளைகளோட சேர்ந்து லோட்டஸ் செவன் மாதிரிக் கிற் ஒண்டு பூட்டிக்கொண்டிருக்கிறன். ஏன் இந்தக் கார் மட்டும் இப்பிடிப் பெட்டி பெட்டியா வந்தது? ரெஸ்ற்றுக்குப் போக முதல் எதைக் கவனிக்கவேணும்?

செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் 1957 இல் வந்தபோது பிரித்தானியாவில் முழுக் காருக்குக் கொள்வனவு வரி இருந்தது, பாகங்களாக வாங்கினால் இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்று லோட்டஸ் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்ததாகவும், வாங்கினவர்கள் அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு வாசித்துப் பூட்டியதாகவும் செவன்காரர் சொல்வார்கள். 1973 இல் வற் வரி வந்ததோடு அந்த வழி அடைபட்டது. அதே ஆண்டில் செவன் செய்யும் உரிமை கேற்றர்ஹாம் கொம்பனிக்குப் போனது.

உங்கட நாட்டுத் தனிவாகனச் சோதனையில் பலர் தடக்குவது எஞ்சினில் இல்லை, விளிம்பில். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரான ஓரங்கள் 2.5 மில்லிமீற்றர் ஆரைக்காவது உருண்டிருக்க வேண்டும். கண்ணாடித் தாங்கி, நட் தலை, மட்காட் ஓரம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கோ. பிள்ளைகளுக்கு வயரிங் கொடுங்கோ, ரிவெற் அடிக்கக் கொடுங்கோ. பிரேக் குழாயை மட்டும் நீங்களே பூட்டுங்கோ.

புதுக்குடியிருப்பு: அப்பப்பாவின்ர மொறிஸ் மைனர் மாட்டுக்கொட்டிலில நிக்குது. எஞ்சின் 948 எண்டு சொல்லுறாங்கள். அதைக் கழட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஒண்டு செய்யலாமோ, அண்ணை?

இந்தக் கேள்விதான் எனக்கு நிறைய வருகிறது, ஆறுதலாகவே சொல்கிறேன்.

செய்யலாம் என்பது உண்மை. 1958 இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற், தவளைக்கண் என்று பிரித்தானியர் செல்லமாகக் கூப்பிடும் அந்தக் குட்டிக் கார், மைனரின் சொந்தக்காரிதான். எஞ்சின் அதே ஏ சீரிஸ் (ஒஸ்ரினின் சின்ன எஞ்சின் வரிசை) 948 சிசி. ஸ்ரியறிங் றாக் மைனருடையது. முன் சஸ்பென்ஷன் ஒஸ்ரின் ஏ-35 இலிருந்து எடுத்தது. மைனரில் ஒற்றைக் கார்பரேற்றரோடு 37 குதிரைவலு, ஸ்பிறைற்றில் இரட்டை எஸ்.யூ. கார்பரேற்றரோடு 43. ஆறே ஆறு குதிரைவலுதான் கூட. மிச்ச வித்தியாசம் முழுக்கப் பாரத்திலும் தாழ்விலும் இருக்கிறது. லோட்டஸ் செவனிலும் இந்த எஞ்சினைப் போட்டு விற்றார்கள். எங்கட அப்பப்பாமார் நெல்லு மூட்டையும் பேரப்பிள்ளைகளும் ஏற்றி ஒட்டுசுட்டான் சந்தைக்குக் கொண்டுபோன எஞ்சினும், இங்கிலாந்தில் பந்தயம் ஓடிய எஞ்சினும் ஒரே குடும்பம். இதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் அப்பப்பாவின் காரை வெட்டாதேயுங்கோ. முதலில் அது என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கோ. எஞ்சின் புளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே ஒரு சின்னத் தகடு இருக்கும். 9 எம் என்று தொடங்கினால் மைனரின் அசல் 948. 9 சி என்று இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கோ, அது ஸ்பிறைற் எஞ்சின்.

பற்றறி வைத்து ஸ்ராட் பண்ண ஒருபோதும் வேண்டாம். நாலு பிளக்கையும் கழட்டி, டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் கொஞ்சம் விட்டு, சில நாள் அப்படியே விடுங்கோ. பிறகு முன்னுக்கு ஹாண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கோ. இறுகி நின்றால் பலவந்தம் வேண்டாம், திரும்ப ஒயில் விட்டுக் காத்திருங்கோ. சுற்றினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது முன் சில்லு. மைனரில் சில்லைத் தாங்கித் திரும்பவிடும் கீழ் மூட்டு, டிரனியன், மரையில் ஓடுகிறது. கிறீஸ் காணாமல் விட்டால் மரை தேய்ந்து, ஓடும்போதே சில்லு உள்ளுக்கு மடிந்து கார் இருந்துவிடும். எங்கட புழுதிக்கு ஆயிரம் மைல்கூடப் பார்த்திருக்காமல் கிறீஸ் அடிக்கவேணும். ஜாக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கோ.

பொடி முழுக்க உக்கி, தரைத்தகடு கையோடு வந்தால் மட்டும் எஞ்சினை எடுத்து வேறு பொடியில் போடுவதைப் பற்றி யோசியுங்கோ. பொடி நல்லதென்றால் மைனரை மைனராகவே எழுப்புங்கோ. ஸ்போர்ட்ஸ் காருக்கு உடைந்த மைனர் ஒன்றின் எஞ்சின் தேடலாம். ஏ சீரிஸ் 1951 இலிருந்து 2000 வரை செய்த எஞ்சின், மினிக்கும் அதுதான். பிஸ்ரன், காஸ்கற், வால்வ் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கும். அப்பப்பா ஓட்டிய கார் ஒன்றுதான்.

மல்லாவி: எனக்கு 22 வயசு. தடைக்காலத்தில கார் மண்ணெண்ணெயில ஓடினது எண்டு மாமா சொல்லுறார். உண்மையோ? எப்பிடி?

உண்மை. 1990 க்குப் பிறகு பெற்றோல் வடக்குக்கு வரத் தடை. களவாக வந்த ஒரு போத்தல் பெற்றோலைத் தங்கம் மாதிரி வைத்திருந்தோம். மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைத்தது, அதில்தான் கார் ஓடியது.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் கட்டி, சேலைன் ரியூப் வழியாகக் கார்பரேற்றருக்கு விடுவோம். அதில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் குழாயை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவோம். நிற்பாட்ட முதல் திரும்பவும் சொட்டுப் பெற்றோல். மறந்தால் அடுத்த நாள் கார்பரேற்றரைக் கழட்டித் துடைக்கவேணும். றேடியேற்றருக்கு முன்னால் மட்டை ஒன்றைச் செருகி வைப்பதும் எஞ்சின் சூடு குறையாமல் இருக்கத்தான்.

பழைய காரால் மட்டும் ஏன் முடிந்தது? அமுக்க விகிதம்தான் காரணம், அதாவது எரியமுதல் கலவையை எஞ்சின் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது. 803 சிசி மைனரிலும் ஒஸ்ரின் ஏ-40 இலும் அது 7.2 அளவு. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் (அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) மிகக் குறைவு, விகிதம் கூடிய எஞ்சினில் டொக் டொக் என்று அடித்து பிஸ்ரனை உடைக்கும். இக்னிஷன் ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் இந்தப் பழைய எஞ்சின் தாங்கியது. இது எங்கட கண்டுபிடிப்பு மட்டுமில்லை. 1949 இலேயே ஃபேர்கூசன் டிராக்டரில் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடும் மாதிரி ஒன்று வந்தது. வன்னியில் டிராக்டர் தெரிந்த ஆட்களுக்கு அந்த முறை புதிதில்லை.

எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்ரிக்கில் ஒயில் மட்டம் குறையாது, கூடும். கூடினால் சந்தோஷப்படக்கூடாது, பெயாரிங் போகப்போகிறது. அந்தக் காலத்தில் ஓடிய காரை இன்று வாங்குகிறவர்கள் ஹெட்டைக் கழட்டிக் கரி பார்க்காமல், பெயாரிங் பார்க்காமல் காசு கொடுக்காதேயுங்கோ. ஆனாலும் அந்தக் கார்களை நான் மதிக்கிறேன். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்மாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தப் புகைதான்.

வவுனியா: முறிகண்டியில எடுத்த குடும்பப் படம் ஒண்டு இருக்கு. கார் பாதிதான் தெரியுது. முன் கண்ணாடி நடுவில பிரிஞ்சிருக்கு, லைற் மட்காட்டுக்கு மேல. என்ன கார், எந்த வருஷம்?

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மைனர். கண்ணாடி இரண்டு துண்டென்றால் 1956 க்கு முந்தியது, மைனர் 1000 உடன் ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. லைற் கிறிலுக்குள் இல்லாமல் மட்காட்டில் இருப்பதால் ஆகப் பழைய மாதிரியும் இல்லை. 1950 களின் முதற்பாதி என்று எழுதிவையுங்கோ. இலக்கத்தகட்டையும் பெருப்பித்துப் பாருங்கோ. ஆங்கில எழுத்தென்றால் சிறீ எழுத்து வருவதற்கு முன் பதிந்த கார். சிங்களச் சிறீயை எதிர்த்து 1957 இல் தமிழ்ச் சிறீயோடு ஓடிய கார்களும் இருந்தன, அப்படி ஒரு தகடு தெரிந்தால் அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கோ. படத்தில் கச்சான் சரையோடு நிற்கும் பிள்ளைகளின் பெயரையும் பின்பக்கம் எழுதுங்கோ, தெரிந்தவர்கள் இருக்கும்போதே.

ரொறன்ரோ: அண்ணா, அப்பாவின்ர ஏ-40 சொமர்செற்றை 2009 இல மாத்தளனில விட்டிட்டு நடந்தனாங்கள். அப்பா இப்ப இல்லை. ஒரு படமும் சாவியும்தான் மிச்சம். இன்னொரு சொமர்செற் வாங்கி அதேமாதிரிச் செய்ய நினைக்கிறன். பழைய இலக்கத்தைப் போடலாமோ?

தங்கச்சி, செய்யுங்கோ. இதைவிட நல்ல காரணத்துக்கு யாரும் ரெப்ளிக்கா செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

இலக்கம் அந்தச் சேசிஸுக்கு உரியது, வேறு காரில் போட்டு வீதியில் ஓட முடியாது. அதே எழுத்தில் ஒரு தகடு செய்து கராஜ் சுவரில் மாட்டலாம். இலக்கம் நினைவிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரம் கேளுங்கோ. சேசிஸ் இலக்கமும் நிறமும் அதில் வர வாய்ப்புண்டு.

சொமர்செற் 1952 இலிருந்து 1954 வரை செய்தது. 1200 சிசி, கியர் ஸ்ரியறிங் தண்டில். சகோதரங்களைக் கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் இருந்தீர்கள், சீற் என்ன நிறம், கண்ணாடியில் என்ன தொங்கியது என்று தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கோ. பெயின்ற் கடைக்காரர் சொல்வதைவிட அது சரியாக இருக்கும்.

அந்தச் சாவியைப் பாருங்கோ. 1950 களின் பிரித்தானியக் கார்ச் சாவிகள் பலவற்றில் எஃப்.ஏ. என்ற எழுத்தும் ஓர் எண்ணும் அடித்திருக்கும். அப்படி இருந்தால் அதே எண்ணுள்ள இக்னிஷன் ஸ்விட்சைத் தேடிப் பூட்டலாம். அப்பாவின் சாவியாலேயே இக்னிஷன் போடலாம்.

இன்னொன்றும் சொல்லவேணும். இதே 1200 சிசி எஞ்சினோடு ஏ-40 ஸ்போர்ட்ஸ் என்று ஒரு திறந்த காரும் இருந்தது, பொடி ஜென்சன் கொம்பனி செய்தது. 1951 இல் அது 21 நாளில் உலகைச் சுற்றி வந்தது, கடலை மட்டும் விமானத்தில் கடந்தது. அப்பாவின் காருக்கு அப்படி ஒரு உறவும் உண்டு.

முல்லைத்தீவு: நான் பைபர் வள்ளம் திருத்துறனான். கார்ப் பொடி செய்யலாமோ?

உங்களால் முடியும். ரெப்ளிக்காப் பொடிகளில் பெரும்பாலானவை நீங்கள் தினமும் பிடிக்கிற அதே கண்ணாடி நார் விரிப்பும் றெசினும்தான். வித்தியாசம் மேற்பரப்பில். வள்ளத்தில் கண்டுகொள்ளாத அலை காரில் பெயின்ற் அடித்ததும் தெரியும், ஆகவே அச்சில்தான் நாளைச் செலவழிக்கவேணும். ஹார்டனர் 1 இலிருந்து 2 வீதத்துக்குள். எங்கட வெயிலில் குறைந்த பக்கமே நில்லுங்கோ, விடியப்புறம் வேலை செய்யுங்கோ. கதவுப் பிணைச்சலும் சீற் பெல்ற்றும் வெறும் பைபரில் பூட்டக்கூடாது, அவற்றை இரும்புச் சட்டத்தில் பிடிக்கவேணும். முகமூடி போடாமல் தேய்க்காதேயுங்கோ.

மாங்குளம்: கட்டின காரை இலங்கையில பதியலாமோ?

வெட்ட முதலே திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கோ. பதிந்த வாகனத்தின் எஞ்சினையோ பொடியையோ மாற்ற அனுமதி வேண்டும். சும்மா கட்டிவிட்டு இலக்கம் தேடினால் கார் கொட்டிலில்தான் நிற்கும். பதிவுப் புத்தகம் உள்ள பழைய காரிலிருந்து தொடங்குவது நல்லது.

அக்கராயன்: நான் ஏ.எல். முடிச்ச பொம்பிளைப் பிள்ளை. வெல்டிங்கும் எஞ்சின் வேலையும் பழக விருப்பம். வீட்டில வேண்டாம் எண்டுகினம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனத் துறை இருக்கிறது, முதலில் அங்கே போய் விசாரியுங்கோ. அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, வேலைத்தலத்தைக் கண்ணால் பார்த்தால் அவர்களுக்குப் பயம் குறையும். விடுமுறையில் என் கராஜுக்கும் வரலாம். இப்போது ஒரு 1098 மைனர் எஞ்சின் முழுக்கக் கழட்டிக் கிடக்கிறது. வால்வ் உரைக்கிற வேலையிலிருந்து தொடங்கலாம். சப்பாத்து மட்டும் மூடினதாகப் போட்டுக்கொண்டு வாங்கோ.