இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று: பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: மகனுக்கு ஒன்றரை வயது. எனக்கு இப்போது மூன்றாம் மாதம். இரவில் பால் குடிக்காமல் அவன் தூங்குவதில்லை. ‘மாசமாக இருக்கும்போது பால் கொடுத்தால் கரு தங்காது, பெரியவனும் சவலையாகிவிடுவான்’ என்கிறார் மாமியார். பால் வற்ற மாத்திரை இருக்கிறது என்கிறார்கள் மருந்துக்கடையில். என்ன செய்வது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் அந்த மாத்திரையை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் போடாதீர்கள். அது ஹார்மோனோடு விளையாடும் மருந்து. கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மகப்பேறு மருத்துவர், கடையில் நிற்கும் பையன் அல்ல. சீட்டே இல்லாமல் வாங்கிப் போட்டுவிட்டுத் தலைசுற்றலோடு வருபவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

சரி, கரு விஷயம். குழந்தை சப்பும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும், கர்ப்பப்பை லேசாக இறுகும். பிரசவ வலி வர ஏற்றுவதும் இதே மருந்துதான், பயம் அங்கிருந்து வருகிறது. ஆனால் கடைசி வாரங்கள் வரை கர்ப்பப்பை இதற்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

ஒரே ஒரு கேள்வி: மூத்தவன் எத்தனையாவது வாரத்தில் பிறந்தான்? ‘கொஞ்சம் முன்னாடியே பிறந்துட்டான்’ என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்வார்கள். 37 வாரம் முடியும் முன்பே தானாக வலி வந்து பிறந்திருந்தால் கதையே வேறு, மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். டிஸ்சார்ஜ் சீட்டு அங்கே ஏதாவது பீரோவில் கிடக்கும். இங்கே ஓ.பி.யில் இரண்டு நிமிடத்தில் பி.பி., எடை பார்த்து அனுப்பிவிடுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பால் கொடுப்பதையும் நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. அந்தச் சீட்டை வரவழைத்துக் காட்டுங்கள். இந்த முறை தாம்பத்திய உறவு வேண்டாம் என்று சொல்லியிருந்தாலோ, ரத்தக்கசிவு இருந்தாலோ, மருத்துவரைக் கேட்கும்வரை பாலை நிறுத்திவையுங்கள்.

சவலை என்று மாமியார் சொல்வதில் பாதி உண்மை. பால் கெட்டுப்போவதில்லை. கர்ப்பத்தின் நாலாம், ஐந்தாம் மாதத்தில் அது தானாகக் குறையும், சுவையும் மாறும். பல பிள்ளைகள் அப்போது தாமாகவே விட்டுவிடுவார்கள். குறைந்த பாலுக்கு ஈடாகச் சாப்பாடு ஏறாவிட்டால்தான் பிள்ளை சவலையாகும். பருப்புச் சாதத்தில் நெய், தினம் ஒரு முட்டை, கீரை, பழம், டம்ளரில் காய்ச்சிய ஆவின் பால் போதும்.

இந்த இடத்தில்தான் யாராவது பால் பவுடர் டின்னை நீட்டுவார்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அது தேவையே இல்லை. இரண்டு வயது வரையான குழந்தை உணவை விளம்பரம் செய்யக் கூடாது, மருத்துவமனை ஆட்களுக்குக் கமிஷனோ பரிசோ கொடுக்கக் கூடாது என்று 1992லேயே சட்டம் வந்து, 2003ல் இன்னும் இறுக்கினார்கள். யார் கேட்கிறார்கள்? சீட்டில் பிராண்டு பெயர் எழுதித் தந்தால், ‘ஏன் இது?’ என்று கேளுங்கள். போனில் ‘பால் மறக்கடிக்கும் பேக்கேஜ்’ விற்பவர்களுக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

காம்பு வலி அதிகமானால், முதலில் பகல் பாலைக் குறையுங்கள். வேப்பெண்ணெய் தடவி அவனை அழவிட வேண்டாம். இரவில் நாலு நாள் அவன் அப்பா தோளில் போட்டுத் தூங்கவைக்கட்டும். அடம்பிடிப்பான், ஐந்தாம் நாள் பார்க்கலாம். பிரசவம் வரை குடித்தாலும் பரவாயில்லை. ஆனால் சீம்பால் சின்னதற்குத்தான் முதலில், பெரியவன் பிறகு.