மதுரைக்குப் பக்கத்தில், மூட்டுவலி அம்மாவோடு ஒரு நாள்

கேள்வி: மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், திருப்பரங்குன்றம் எல்லாம் பார்த்தாயிற்று. மூட்டுவலி உள்ள அம்மா, பத்து வயது மகனோடு காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்ப, அதிகம் பேருக்குத் தெரியாத இடங்கள் மதுரைப் பக்கம் உண்டா? கார் இருக்கிறது.

பதில்: நிறைய உண்டு. ஆனால் பாதிக்கு மேல் மலைகள். அதனால் அம்மா எங்கே உட்காருவார் என்று பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் கணக்கில் நான் முதலில் சொல்வது கீழக்குயில்குடி. தேனி சாலையில் போய் நாகமலைப் புதுக்கோட்டையில் திரும்பினால் சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், நல்ல ஆலமர நிழல். அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு மகனோடு படியேறுங்கள். மேலே பேச்சிப்பள்ளத்தில், சுனையை ஒட்டிய பாறையில் பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் என்று எட்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழையது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே காது நீண்ட தீர்த்தங்கரரை, அதாவது சமணர் வணங்கும் அருகரை, ஊர்க்காரர்கள் செட்டியாராக்கிவிட்டார்கள், பெயரும் அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் பையன் எதையும் பார்க்க மாட்டான்.

வெயில் நேரத்துக்குக் கீழடி. மதுரைக்குள் நுழையாமல் சுற்றுச்சாலை வழியே விரகனூர் வந்து ராமேசுவரம் சாலையைப் பிடியுங்கள். 2023இல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள். பகடைக்காய், ஆட்டக்காய், 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறிய பானை ஓடுகள்: பையனுக்கு இதெல்லாம் பிடிக்கும். வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அதிகப் படி வேண்டாம் என்று அம்மா சொன்னால் ஒத்தக்கடை போய்விடலாம். யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து எடுத்த கோயில், கி.பி. 770ஐச் சேர்ந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, முடிக்கும் முன்பே இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்தார். இதைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. பக்கத்திலேயே லாடன் கோயில். முருகனும் தெய்வானையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் சின்னக் குடைவரை. பலரும் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அது, 2022இல் அறிவித்தார்கள். சைவப் பிரிவான பாசுபதத்தின் ஆசான் லகுலீசர் சிற்பம் உள்ள சிவன் குடைவரை, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து பொறித்த சமணர் குகை, பாறை இடுக்கில் கூடு கட்டும் வல்லூறுகள் என்று அதற்கே ஒரு முழுக் காலை வேண்டும். மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழியில், அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, நீங்களும் மகனும் மட்டும் போய் வாருங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.