கிரேக்க சாலட்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அக்கா, கிரேக்க சாலட்டை முறையாகச் செய்ய அளவோடு சொல்லுங்கள். இரண்டு பேருக்குப் போதும்.

பதில்: கிரீஸில் இதை ஹோரியாடிகி என்பார்கள். நன்றாகப் பழுத்த தக்காளி 400 கிராம், வெள்ளரிக்காய் 200 கிராம், பெரிய வெங்காயம் பாதி, பச்சைக் குடைமிளகாய் பாதி, கலமாட்டா ஆலிவ் 10, ஃபெட்டா (உப்பு நீரில் முதிர்ந்த கிரேக்கச் சீஸ்) 150 கிராம், காய்ந்த ஒரிகானோ 1 தேக்கரண்டி, எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி.

முதலில் தக்காளியை, ஒரு வாய்க்கு ஒரு துண்டு என்கிற அளவில் நறுக்குங்கள். அகலமான கிண்ணத்தில் போட்டு, கால் தேக்கரண்டி உப்பைத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். உப்பு சாற்றை வெளியே இழுக்கும். அந்தச் சாறும் எண்ணெயும் சேர்வதுதான் இந்த சாலட்டின் டிரெஸ்ஸிங். அதை வடித்துக் கொட்டினால் மிஞ்சுவது நறுக்கிய காய்தான்.

அந்தப் பத்து நிமிடத்தில் வெங்காயத்தை மெல்லிய வளையமாக அரிந்து குளிர்ந்த நீரில் போட்டால் காரம் தணியும். பிறகு நீரை நன்றாக ஒட்டப் பிழிந்துவிடுங்கள். வெள்ளரியின் நுனியைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயே வேண்டாம். தோலைப் பட்டை விட்டுச் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். மெலிதாக வெட்டினால் சீக்கிரம் நீர் விட்டுத் துவண்டுவிடும்.

எல்லாவற்றையும் தக்காளியோடு சேர்த்து ஒரே ஒரு முறை புரட்டுங்கள். ஃபெட்டாவை முழுத் துண்டாக மேலே வையுங்கள். ஒரிகானோவை உள்ளங்கையில் கசக்கி அதன்மேல் தூவி, கடைசியில் எண்ணெயை ஊற்றுங்கள். உடனே சாப்பிட வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று: தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மணம் செத்துவிடும்.

கேள்வி: லெட்யூஸ் எவ்வளவு போட வேண்டும்?

பதில்: ஹோரியாடிகியில் லெட்யூஸ் கிடையாது. கிரீஸில் அதற்குத் தனி சாலட் இருக்கிறது, மருலோசலாட்டா. லெட்யூஸைப் பொடியாக அரிந்து வெங்காயத்தாள், சதகுப்பை இலை, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் சேர்ப்பார்கள். தக்காளி நன்றாக இல்லாத மாதங்களில் அதையோ முட்டைக்கோஸ், கேரட் சாலட்டையோ செய்யுங்கள். பழுக்காத புளிப்புத் தக்காளியில் ஹோரியாடிகி செய்வது வீண்வேலை.

கேள்வி: ஃபெட்டா விலை அதிகம். பனீர் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் ருசி வேறாகிவிடும். பனீர் கொதித்த பாலை அமிலத்தால் திரித்தது. உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. ஃபெட்டா ரென்னட் (பாலை உறையவைக்கும் நொதி) விட்டு உறையவைத்து, உப்பு நீரில் குறைந்தது இரண்டு மாதம் முதிர்ந்தது. பனீர்தான் கிடைக்கும் என்றால் 2 செ.மீ. துண்டுகளாக்கி, அரை லிட்டர் நீரில் 2 மேசைக்கரண்டி உப்பும் ஒரு எலுமிச்சைச் சாறும் கலந்து ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள். உப்புக் குறை தீரும், ஃபெட்டாவின் காரமான மணம் வராது.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஃபெட்டா என்ற பெயர் 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரீஸுக்கே உரியது. 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. செம்மறிப் பால் குறைந்தது 70 சதவீதம், மீதி வெள்ளாட்டுப் பால். பசும்பாலில் செய்த வெள்ளைச் சீஸ் வேறு பொருள். பிரித்த ஃபெட்டாவை அதன் உப்பு நீரிலேயே வையுங்கள். நீரைக் கொட்டிவிட்டால் காய்ந்து புளித்துப்போகும்.

கேள்வி: ஒரிகானோவுக்குப் பதில் கற்பூரவல்லி?

பதில்: இரண்டிலும் கார்வக்ரால் என்ற மணப்பொருள் இருப்பதால் மணம் கொஞ்சம் ஒத்துப்போகும், ஆனால் செடி வேறு. கற்பூரவல்லி இலை சதைப்பற்றானது. பச்சையாகப் போட்டால் மற்ற மணத்தையெல்லாம் அமுக்கிவிடும். காய்ந்த ஒரிகானோவே வாங்குங்கள். பீட்சாவோடு தரும் பொட்டலம் வேண்டாம், பலவற்றில் உப்பும் மிளகாயும் கலந்திருக்கும்.

கேள்வி: மேடம், 4 மேசைக்கரண்டி எண்ணெயா? ஒரு கரண்டிக்கு 120 கலோரி. இதை ஆரோக்கியம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: கணக்கு சரி. ஆளுக்கு 240 கலோரி எண்ணெயில் வருகிறது. ஆனால் தட்டில் வேறு என்ன இருக்கிறது? காய், சீஸ், ஒரு துண்டு ரொட்டி. அது ஒரு வேளைச் சாப்பாடு. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள இதைச் செய்தால் உங்கள் கேள்வி நியாயம்தான்.

அதே நபர்: மத்தியதரைக் கடல் உணவு என்றாலே கொழுப்பு குறைவு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

பதில்: அப்படிச் சொல்பவர்கள் கிரீஸின் கிரீட் தீவை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட் ஆண்களின் கலோரியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கொழுப்பு. பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். இதய நோயோ மிகக் குறைவு. அவர்கள் உழைப்பாளிகள், இறைச்சியும் இனிப்பும் குறைவு, கீரையும் பருப்பும் அதிகம். எண்ணெயை மட்டும் தனியே பிரித்து மருந்தாக்கவும் கூடாது, குற்றவாளியாக்கவும் கூடாது.

இன்னொருவர்: நான் ஒரு தேக்கரண்டிதான் ஊற்றினேன், நன்றாகவே இருந்தது.

பதில்: கிண்ணத்தின் அடியில் சாறு எப்படி இருந்தது? எண்ணெய் போதாவிட்டால் தக்காளிச் சாறு தண்ணீராகவே நிற்கும். ரொட்டியில் தோய்த்தால் புளிப்பு மட்டும் வரும். எடைக்காகக் குறைக்க வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி வரை இறங்கலாம், கூடவே ஃபெட்டாவைப் பாதியாக்குங்கள். மருத்துவர் எண்ணெய்க்கு அளவு சொல்லியிருந்தால் அவர் சொல்தான்.

கேள்வி: நல்லெண்ணெய் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். எள்ளின் மணம் தக்காளியோடு மோதும்.

கேள்வி: சாலட் தவிர, காயை முதன்மையாக வைத்துக் கிரேக்கர்கள் என்ன சமைக்கிறார்கள்?

பதில்: இதைத்தான் எதிர்பார்த்தேன். லாதெரா என்றொரு வகை இருக்கிறது: காயைத் தக்காளியோடு நிறைய எண்ணெயில் நிதானமாக வேகவைப்பது. பீன்ஸில் செய்தால் ஃபசோலாக்கியா. அரை கிலோ பீன்ஸ், ஒரு வெங்காயம், 2 பல் பூண்டு, துருவிய தக்காளி 300 கிராம், எண்ணெய் 80 மில்லி. வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, பீன்ஸைப் புரட்டி, தக்காளியும் உப்பும் அரைக் கப் நீரும் சேர்த்து மூடி, சிறு தீயில் 45 முதல் 60 நிமிடம். நம் பொரியல் மாதிரி மொறுமொறுப்பாக எதிர்பார்க்காதீர்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். நீர் வற்றி எண்ணெய் பிரிந்து நின்றால் பதம். அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ரொட்டியும் ஃபெட்டாவும் வைத்துச் சாப்பிடுங்கள். சூட்டோடு பரிமாறினால் ருசி பாதிதான் தெரியும்.

வெண்டைக்காயிலும் உண்டு, பாமியெஸ். காம்பைக் கூம்பாகச் சீவுங்கள், காயைத் திறக்காதீர்கள். உப்பும் வினிகரும் தெளித்து அரை மணி வெயிலில் வைத்து, கழுவித் துடைத்துச் சமையுங்கள். வழுவழுப்பு அடங்கும். கரண்டி போட்டுக் கிளறாமல் பாத்திரத்தைப் பிடித்துக் குலுக்குங்கள்.

கேள்வி: ஃபெட்டாவை உதிர்த்துப் போடலாமா? லெட்யூஸ் போடலாமா?

பதில்: லெட்யூஸுக்கு மேலே பதில் இருக்கிறது. ஃபெட்டாவை உதிர்த்தால் சாறு வெளுத்துக் கலங்கும், ஒவ்வொரு வாயும் ஒரே உப்பாகிவிடும். துண்டாக வைத்தால் சாப்பிடுபவர் வேண்டியதை உடைத்துக்கொள்வார்.

கேள்வி: டப்பாவில் வரும் கருப்பு ஆலிவ்?

பதில்: பெரும்பாலும் காயாகப் பறித்து, காரக் கரைசலில் (அல்கலி) ஊறவைத்து, காற்றேற்றிக் கருப்பாக்கியது. ருசி இருக்காது. கலமாட்டா ஊதா நிறம், பாதாம் வடிவம்; கொட்டையோடு வாங்குங்கள்.

கேள்வி: காலையிலேயே செய்து ஃப்ரிட்ஜில் வைத்து இரவு விருந்துக்குப் பரிமாறலாமா?

பதில்: கூடாது. தக்காளியும் ஃப்ரிட்ஜும் பற்றி முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். வெங்காயம், குடைமிளகாயை மட்டும் அரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தக்காளியும் உப்பும் கடைசிப் பத்து நிமிட வேலை.

கேள்வி: மீந்துபோனால்?

பதில்: ஃபெட்டா, வெள்ளரி, ஆலிவைத் தனியே எடுத்துவிடுங்கள். மிச்சத்தைச் சாற்றோடு வாணலியில் வற்றவிட்டு 3 முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, அந்த ஃபெட்டாவை மேலே உதிர்த்தால் காலை உணவாகும். கிரேக்கர்களின் ஸ்ட்ராபட்சாதாவும் இப்படித் தக்காளியும் முட்டையும் சேர்வதுதான். உப்பு போட வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது.